பாகம் பிரிக்காத சொத்து

பெற்றோர் மறைந்தபின் பிள்ளைகள் கூடியமர்ந்து வீடு, நிலம், பாத்திர பண்டங்களைப் பங்கிட்டுக் கொள்வது உலக வழக்கம். அளந்து பிரிக்கின்றோம், பத்திரம் எழுதிப் பதிவு செய்கின்றோம். ஆனால் ஒரு குடும்பத்தின் நினைவுகளை அவ்வாறு பாகம் பிரிக்க எவராலும் இயலாது. மூத்த மகள் கண்ட தந்தை ஒருவர். கடைக்குட்டி கண்ட தந்தை வேறொருவர். கதையின் தலை ஒருவரிடம் இருக்கும். வால் மற்றொருவரிடம் இருக்கும். அவரவர் தம் துண்டைப் பூட்டி வைத்துக்கொண்டால் முழுக் கதை ஒருவருக்கும் கிட்டாது. அப்படிப்பட்ட பாதிக் கதை ஒன்று எங்கள் குடும்பத்தில் அக்காவையும் தம்பியையும் நாற்பது ஆண்டுகள் பிரித்து வைத்தது. அதைச் சொல்லவே இதை எழுதுகின்றேன்.

தென்காசி, குற்றாலம் என்றவுடன் பலருக்கும் அருவி நினைவுக்கு வரும். கூடிப் பேசி மகிழும் பண்புக்கும் பெயர் பெற்ற மண் அது. இரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரை அறியாத தமிழன்பர் இலர். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் இல்லத்தில் கூடிய ‘வட்டத்தொட்டி’ தமிழ்நாடெங்கும் புகழ் பெற்றது. பிற்காலத்தில் அவர் குற்றாலத்தில் வாழ்ந்தார். இராஜாஜியும் கல்கியும் அவருடைய நண்பர்கள். கவிதையின் சுவையை எடுத்துச் சொல்வதையே வாழ்வாகக் கொண்டிருந்த அப்பெரியவர், தம் ஒரே மகன் தீபனை இளமையிலேயே பறிகொடுத்தவர். 1954 ஆம் ஆண்டு அவரும் மறைந்தார். ஆயினும் அவர் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் நூல்களாகி இன்றும் படிக்கப்படுகின்றன. தீபனின் மகனான தீப. நடராஜன், தம் தாத்தாவைப் பற்றிய நினைவுகளை முதுமை வரையில் சொல்லியும் எழுதியும் வந்தார். ஒரு மகனின் இளவயது மரணத்தோடு அறுந்து போயிருக்கக்கூடிய நூலை, சொல்லப்பட்ட நினைவுகள் அறாமல் காத்தன.

அது புகழ் பெற்ற குடும்பம்; எழுதத் தெரிந்தவர்கள். எங்கள் தாத்தாவோ, அதாவது என் தாயின் தந்தை, தம் பெயரை எழுதவே நெடுநேரம் எடுத்துக் கொள்பவர். அவருடைய நிழற்படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அவர் முகத்தை நாங்கள் அம்மாவின் வாய்மொழியாகவே அறிந்தோம்.

தென்காசியிலிருந்து செங்கோட்டை, பகவதிபுரம் வழியாக மலையேறி ஆரியங்காவு, புனலூர் செல்லும் ரயில் பாதையில் அவர் கேங்மேனாக வேலை பார்த்தார். அந்நாளில் செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. 1956 நவம்பர் 1 ஆம் நாள்தான் அது நம் மாநிலத்தோடு இணைந்தது. ஆகவே, “உங்க தாத்தா தினமும் சீமை தாண்டி வேலைக்குப் போனவரு” என்று அம்மா பெருமையாகச் சொல்வார்.

அம்மா கதை சொல்வதற்கென்றே ஒரு காலம் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்று எழும்பி, வெயிலடிக்கும்போதே சாரல் தூவும். ஊர் முழுவதும் குற்றாலத்துக்கு நடக்கும். எங்களுக்கோ அம்மாவின் பேச்சே அருவி. மாலைச் செபமாலை முடிந்ததும், இறந்தவர் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி வேண்டிக் கொள்வார். பின்பு அப்பெயர்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு கதையைத் தொடங்குவார். தாத்தா அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஐந்தருவிக்கு நடந்தது, சம்பள நாளில் மங்குஸ்தான் பழத்தைத் துண்டில் முடிந்து வந்தது, பேரருவி இடைவழியில் விழுந்து பொங்கும் பொங்குமாங்கடலைக் காட்டி, “மனுசனும் விழுந்த இடத்திலே பொங்கி எழுந்திரிக்கணும்” என்று சொன்னது, இவையெல்லாம் எங்களுக்கு மனப்பாடம்.

ஆனால் அம்மா முழுவதும் சொல்லாத கதை ஒன்று இருந்தது. ஆச்சி இறந்த இரவின் கதை அது. அந்த இடம் வரும்போதெல்லாம், “மீதியை இன்னொரு நாள் சொல்லுதேன்” என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

என் தாய்மாமா தம் இளமையிலேயே மும்பைக்குச் சென்றவர். தந்தையோடு அவருக்குப் பேச்சு இல்லை. தாத்தாவின் அடக்கத்துக்கும் அவர் வரவில்லை. அம்மா எழுதிய கடிதங்களுக்கு இரண்டு வரியில் பதில் வரும். அதில் தந்தையைப் பற்றி ஒரு சொல்லும் இராது. ஊரார் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

அம்மா நோயுற்றுப் படுக்கையில் இருந்த ஓர் ஆடி மாதத்தில் மாமா தென்காசிக்கு வந்தார். தலை முழுவதும் நரைத்திருந்தது. இரண்டு நாள்கள் மருந்து, பிள்ளைகள், விலைவாசி என்று பேச்சு ஓடியது. மூன்றாம் நாள் இரவு, அம்மாவே தொடங்கினார்:

“தம்பி, அம்மா செத்த அன்னிக்கு அப்பா ஏன் வரலைன்னு உனக்குத் தெரியுமா?”

“வேலை பெருசாப் போச்சு அவருக்கு” என்றார் மாமா. பன்னிரண்டு வயதில் விழுந்த காயம் அந்தக் குரலில் அப்படியே இருந்தது. காய்ச்சலில் கிடந்த ஆச்சி நள்ளிரவில் இறந்தார். தாத்தா மறுநாள் முற்பகலில்தான் வந்தார். வந்தவர் அழவும் இல்லை. திண்ணையில் அமர்ந்து தம் கைவிளக்கின் கண்ணாடியைத் துணியால் துடைத்துக் கொண்டே இருந்தார். “பெண்டாட்டி பிணமாக் கிடக்கா, மனுசன் விளக்குத் துடைக்கிறாரு. அன்னிக்கே எனக்கு அப்பா இல்லைன்னு ஆயிட்டுது” என்றார் மாமா.

அம்மா தம்பியின் கையைப் பற்றிக்கொண்டு தம் துண்டுக் கதையைச் சொன்னார். தாத்தாவோடு வேலை பார்த்த முதியவர் ஒருவர், தாத்தாவின் அடக்க நாளன்று அவரிடம் சொன்னது அது. அன்றிரவு மலையில் பெருமழை. பகவதிபுரத்துக்கு மேலே மண் சரிந்து தண்டவாளத்தை மூடிவிட்டது. காவலுக்கு இருந்தவர்கள் இருவரே. ஒருவர் சரிவின் அருகில் நிற்க, தாத்தா சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு எதிரே வரும் வண்டியை நோக்கி இருட்டில் ஓடினார். வண்டி நின்றது. பாதை சீராகும் வரையில் அவர் அந்த இடத்தை விட்டு அகலவில்லை. காலையில் நிலையத்துக்கு வந்தபோதுதான் மனைவி இறந்த செய்தி காத்திருந்தது. “அந்த விளக்கைத்தான் துடைச்சாரு, தம்பி. மத்தவன் பிள்ளைகளைக் காப்பாத்தின கையாலே தன் வீட்டுக்கு ஒண்ணும் செய்ய முடியலையேன்னு அவரு யார்கிட்டே சொல்லுவாரு? நீ அப்போவே முகத்தைத் திருப்பிக்கிட்டே. கடுதாசியிலே எழுதற சங்கதியா இது? நேரிலே சொல்லணும்னு இத்தனை வருசம் காத்திருந்தேன்” என்றார்.

மாமா நெடுநேரம் பேசவில்லை. பின்பு, தாம் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். அன்றிரவு அம்மா உபதேசியாரை அழைத்துவர ஓடியிருந்தார். ஆச்சியின் அருகில் இருந்தவர் மாமா ஒருவரே. ஆச்சி கண் விழித்து, “மலையிலே மழை பெய்யுதா?” என்று கேட்டாராம். பெய்கிறது என்று பையன் சொல்ல, “அப்போ ஐயா வரமாட்டாக. வண்டிக்காரங்களுக்காக ஒரு மங்கள வார்த்தை சொல்லு” என்றாராம். காய்ச்சலில் பிதற்றுகிறார் என்றே பையன் எண்ணியிருந்தான்.

அம்மா அப்போதுதான் அழுதார். தம் தாய் தனியே கைவிடப்பட்டவராய்க் கண்மூடினார் என்ற துயரத்தை அவர் வாழ்நாள் முழுவதும் சுமந்திருந்தார். ஆச்சி தம் கணவர் எங்கே, எதற்காக நிற்கிறார் என்பதை அறிந்தே போனார் என்று, தம்பியின் வாயால் அன்று கேட்டார். தந்தையை மகனுக்குத் திருப்பிக் கொடுத்தது அக்காவின் நினைவு. தாயை மகளுக்குத் திருப்பிக் கொடுத்தது தம்பியின் நினைவு. மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் மாமா தனியே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்வந்தார். அங்கே என்ன சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை.

இன்று அவ்விருவரும் இல்லை. அந்த மீட்டர்கேஜ் பாதையும் 2010 இல் மூடப்பட்டு, அகலப் பாதையாகி 2018 இல் மீண்டும் திறக்கப்பட்டது. மும்பையில் பிறந்து தமிழைத் தட்டித் தடுமாறிப் பேசும் மாமாவின் பேரப்பிள்ளைகள், அதன்பின் ஒரு விடுமுறையில் எங்களோடு அந்த வண்டியில் பயணம் செய்தார்கள். பகவதிபுரம் தாண்டியதும் இளையவள் சன்னலோரம் போய், “தாத்தாவோட அப்பா எந்த இடத்திலே நின்னாரு?” என்று கேட்டாள். சரியான இடம் எங்களுக்கும் தெரியாது. ஆயினும் அப்படி ஒருவர் நின்றார் என்பது அக்குழந்தைக்குத் தெரிந்திருக்கிறதே, அது போதும்.

அன்பு வாசகர்களே, குடும்பத்தை ‘இல்லத் திருச்சபை’ என்கின்றோம். திருச்சபையே கண்டவர்கள் கேட்டவர்களுக்குச் சொன்ன நினைவின் மீது எழுந்ததன்றோ? இன்று வீட்டுக்கு வீடு கைப்பேசியில் ஆயிரம் படங்கள் உள்ளன. ஆனால் படத்தில் இருப்பவர் எதற்காகச் சிரித்தார், எதற்காக மௌனமாய் இருந்தார் என்பதைப் படம் சொல்லாது. இரவுச் செபம் முடிந்தபின் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். முதியவர்களிடம், “பழைய கதை சொல்லுங்கள்” என்று பொதுவாகக் கேட்டால் அவர்கள் திகைப்பார்கள். “உங்கள் முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள்?” என்று கேளுங்கள், வார்த்தை தானே வரும். இனிய நினைவுகளோடு நின்றுவிடாதீர்கள். வலிக்கும் கதையைப் பழி தீர்க்கும் எண்ணமின்றி, கேட்பவரின் வலியையும் மதித்துச் சொல்லுங்கள். பேச்சு நின்றுபோன உடன்பிறந்தார் இருப்பின், யாருடைய குற்றம் என்று விசாரிக்குமுன், “அன்று நீ என்ன கண்டாய்?” என்று கேட்டுப் பாருங்கள். உங்களிடம் இல்லாத பாதி அவரிடம் இருக்கக்கூடும்.

நவம்பர் மாதத்தில் கல்லறைகளைச் சுத்தம் செய்து, மாலையிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுகின்றோம். இவ்வாண்டு அங்கே நிற்கும்போது, கல்லில் எழுதப்பட்ட பெயருக்குரியவரைப் பற்றி உங்கள் பிள்ளைகளுக்கு ஒரேயொரு கதை சொல்லுங்கள். அவர்கள் அதை வீட்டுக்கு எடுத்துச் செல்வார்கள்.