கழற்றிப் போட்டவை

கம்பெனி நிறுத்திவிட்ட வண்டி என்றால் விலை இறங்கும். யமஹா ஆர்.எக்ஸ் 100 விஷயத்தில் அது நடக்கவில்லை. 1985இல் எஸ்கார்ட்ஸ் தயாரிப்பாக இங்கே இறங்கி, 1996இல் நின்றுபோன வண்டி அது. நின்ற பிறகுதான் ஆசை கூடியது. கோயம்புத்தூரில் புது வண்டிக்கு வக்கில்லாத எங்கள் செட்டுப் பையன்கள் அத்தனை பேருக்கும் ஒரு செகண்ட் ஹேண்ட் ஆர்.எக்ஸ்தான் கனவு. 98 சி.சி., 11 குதிரைத் திறன். காகிதத்தில் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. நூறு கிலோவைச் சற்றே தாண்டிய உடம்பில் அந்தப் பதினொன்று என்ன ஆட்டம் போடும் என்பது ஆக்சிலேட்டரை முறுக்கியவனுக்குத்தான் தெரியும்.

என் வண்டியின் முதல் சொந்தக்காரர் பீளமேட்டில் ஒரு மில்லில் சூப்பர்வைசர். வெள்ளிக்கிழமை தவறாமல் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைப்பவர். சாரி கார்டு, சைடு பாக்ஸ், டேங்குக்கு ரெக்ஸின் கவர் என்று குடும்பஸ்தன் வண்டிக்கு வேண்டிய அத்தனையும் அதில் இருந்தன. ஆர்.சி. புத்தகத்தோடு 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "கருத்தா வெச்சுக்குங்க தம்பி. ராத்திரி நிறுத்துனா பெட்ரோல் வால்வ மூடிப்போடுங்க" என்றார். படியிறங்கும்போது மறுபடியும் அதையே சொன்னார். அன்று சாயங்காலமே டேங்க் கவரைக் கழற்றினேன். அந்த வாரத்துக்குள் சாரி கார்டும் போயிற்று.

கணபதியில் ஒரு புங்க மரத்தடியில் மெக்கானிக் அண்ணன் கடை. கூரை கிடையாது. மரத்தில் அடித்த ஆணிகளில் டியூபும் செயினும் தொங்கும். ஆர்.எக்ஸ் தவிர வேறு வண்டியைத் தொட மாட்டார். யார் வந்தாலும் ஒரே கேள்விதான்: "சவுண்டு வேணுங்களா தம்பி, மைலேஜ் வேணுங்களா? ரெண்டும் சேர்ந்து வராதுங்க." மைலேஜ் என்று சொன்ன ஒரு பையனையும் நான் அங்கே பார்த்ததில்லை.

சவுண்டுக்கு வழி சைலன்சரின் வால்பக்கம் இருந்தது. ஒரு போல்ட்டைக் கழற்றி இழுத்தால், கரி அப்பிய பேஃபிள் குழாய் கையோடு வந்துவிடும். அது இல்லாமல் ஓட்டினால் தெருவே திரும்பிப் பார்க்கும். வேகம் மட்டும் கூடாது. டூ ஸ்ட்ரோக்கில் புகை வெளியேறும் துளையும் புதுக் கலவை நுழையும் துளையும் கொஞ்ச நேரம் சேர்ந்தே திறந்திருக்கும். எரியாத பெட்ரோலும் புகையோடு நழுவப் பார்க்கும். சைலன்சரின் வயிறு அகன்று மறுபடி குறுகுவது சும்மா அழகுக்கு இல்லை. ஓடிவரும் அழுத்த அலையை எதிரொலிபோல் திருப்பியடித்து, நழுவியதை உள்ளே தள்ளத்தான். அண்ணனுக்கு இந்தப் பாடத்தை எந்தக் காலேஜிலும் யாரும் நடத்தவில்லை. "சைலன்சரு பாதி இஞ்சினுங்க தம்பி" என்பதோடு முடித்துக்கொள்வார். அடம்பிடிக்கிறவனுக்குப் பேஃபிளைப் பாதியாக அறுத்து மாட்டிக் கொடுப்பார்.

அவர் ரசித்துச் செய்த வேலை வேறு. சிலிண்டரைக் கழற்றி, எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல்விளிம்பை அரைவட்ட அரத்தால் ராவுவது. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். இரண்டு இழுப்பு இழுப்பார். சுண்டுவிரலை விட்டுத் தடவுவார், பிசிறு இருந்தால் வாட்டர் பேப்பரைச் சுருட்டித் தேய்ப்பார், மறுபடி பார்ப்பார். அளவெல்லாம் கண்ணிலும் விரலிலும்தான். கொஞ்சம் கூடிவிட்டால் மேல்வேகம் வரும், ஏற்றத்தில் இழுவை போய்விடும். அதனால் அரத்தை எடுப்பதற்கு முன்னால், மருதமலை ஏறுகிற ஆளா, அவினாசி ரோட்டில் நேராக அடிக்கிற ஆளா என்று கேட்டுக்கொள்வார். நான் மருதமலை.

இதெல்லாம் கோவையில் மட்டும்தான் நடந்தது என்று சொல்ல மாட்டேன். மெட்ராசுக்குப் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் இருந்தன. ஆனாலும் பம்பு செட்டும் ஃபவுண்டரியும் தெருவுக்கொரு லேத்துமாக வளர்ந்த ஊருக்குக் கொழுப்பு கொஞ்சம் கூடுதல். ரேஸ் கார்களை இங்கேயே வடிவமைத்துக் கட்டிய கரிவரதன் 1995இல் மறைந்தபோது ஊரே பேசிக்கொண்டிருந்தது. செட்டிபாளையத்தில் அவர் பெயரில் பந்தயத் தடம் வந்தது 2003இல். லேத்தில் ஃபுட்ரெஸ்ட் கடைந்து வாங்குவது எங்களுக்கு டெய்லரிடம் பட்டன் மாற்றுவது மாதிரி.

பெயிண்டர் காந்திபுரத்தில் ஒரு சந்துக்குள் இருந்தார். பட்டி போட்டுக் காய்ந்த டேங்க்கைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவி மேடு பள்ளம் கண்டுபிடிப்பார். நான் கேட்டது கறுப்பு. ஸ்டிக்கர் வேண்டாம், கையால் தங்கக்கோடு. திருவொற்றியூரில் புல்லட் டேங்குக்குக் கையாலேயே கோடு இழுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து பிடித்த ஆசை. மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பில் இழுத்தார். இடப்பக்கக் கோடு வலப்பக்கத்தைவிட ஒரு நூல் தடிமன். தயங்கித் தயங்கிச் சொன்னேன். "ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்துல எவனுங்க பாக்கப்போறான்?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

சீட்டை வெட்டித் தைத்த குஷன் கடையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நம்பர் பிளேட் எழுதுகிறவர்தான் கில்லாடி. 8055ஐ 'பாஸ்' என்று படிக்க வைத்துவிடுவார். போலீஸ்காரர் கேட்டால் நம்பர்தானே சார் என்று சாதிக்கவும் இடம் விட்டிருப்பார்.

இப்படி ஆளுக்கொரு கைபட்டு, ஒரே ஆலையில் பிறந்த வண்டிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ஆகிவிட்டிருந்தன. டீக்கடையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாலும் வருவது யார் வண்டி என்று சொல்லிவிடலாம். எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் மட்டும், "ஏப்பா, உன்ற வண்டிக்குச் சளி கொறையவே கொறையாதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

தங்கை கல்யாணத்தின்போது வண்டி கைமாறியது. ரோட்டை அகலப்படுத்தியதில் புங்க மரம் போயிற்று. கடையும் அதோடு போயிற்று. அண்ணன் ஊர்ப்பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். 2019 ஏப்ரலுக்குப் பின் வரும் வண்டிகள் ஷோரூமிலேயே அச்சடித்த பிளேட்டோடு வருகின்றன. தூரிகைக்கு வேலை இல்லை. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு எங்கள் காலத்திலும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. 2019இல் உச்ச நீதிமன்றம் அதை அழுத்திச் சொன்ன பிறகுதான் பலர் காதில் விழுந்தது. நீலப்புகை திரும்பி வர வேண்டும் என்று எனக்கும் ஆசையில்லை. மூக்குக்குப் பிடித்திருந்தாலும் நுரையீரலுக்கு ஆகாது.

வேடிக்கை என்னவென்றால், இன்று ஆர்.எக்ஸ் வாங்கும் பிள்ளைகள் அதை ஷோரூமில் நின்ற மாதிரியே ஆக்கத்தான் அலைகிறார்கள். கம்பெனி சைலன்சர், சாரி கார்டு, அறுக்காத மட்கார்டு. நாங்கள் உக்கடத்தில் எடைக்குப் போட்ட அத்தனையையும் கேட்ட விலைக்கு வாங்குகிறார்கள். எங்கள் ரசனையைவிட இது மேல் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. எல்லா வண்டியும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக நிற்பதில் என்ன ருசி?

ஆனாலும் முதல் வண்டியைப் பழசில் வாங்கும் தம்பிகளுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீசில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளுங்கள். கழற்றியது எதுவானாலும் எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றிப் பரணில் போட்டு வையுங்கள். உங்களுக்கு வேண்டாவிட்டாலும் அடுத்து வாங்குகிறவன் கேட்பான்.