சாக்பீஸ் படம் யாருக்குச் சொந்தம்?

சுவரில் கிறுக்கினால் நம்ம பள்ளியில் என்ன நடக்கும் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். நியூயார்க்கில் கீத் ஹேரிங் என்பவருக்கும் ஏறக்குறைய அதேதான் நடந்தது. போலீஸ் பலமுறை பிடித்தது, அபராதமும் போட்டது. அவர் கிறுக்கியவை இன்று லட்சக்கணக்கான டாலருக்கு விலை போகின்றன.

ஹேரிங் 1978-ல் ஓவியம் படிக்க நியூயார்க் போனார். அங்கே சுரங்க ரயில் நிலையங்களில் விளம்பரப் பலகைகள் வரிசையாக இருக்கும். ஒரு விளம்பரத்தின் காலம் முடிந்ததும், அடுத்தது வரும்வரை அதன்மேல் கறுப்புத் தாளை ஒட்டி வைப்பார்கள். 1980-ல் அப்படி ஒன்று இவர் கண்ணில் பட்டது. நம்ம கரும்பலகை மாதிரியே இல்லையா? உடனே மேலே ஏறிப் போய் வெள்ளை சாக்பீஸ் வாங்கி வந்து வரைய ஆரம்பித்துவிட்டார். தவழும் குழந்தை, அதைச் சுற்றி ஒளிக்கோடுகள். குரைக்கும் நாய். ஆடுகிற மனிதர்கள். முகத்தில் பெரும்பாலும் கண், மூக்குகூட இருக்காது. சில நாள் ஒரே நாளில் நாற்பது படம் வரை வரைந்திருக்கிறார்!

சுலபம் என்று நினைக்காதீர்கள். நான் கறுப்பு சார்ட் பேப்பரைச் சுவரில் ஒட்டி, நின்றபடியே வரைந்து பார்த்தேன். கரும்பலகையில் அழிக்கிற மாதிரி அழிக்க முடியாது; வெள்ளையாய் இழுவிக்கொள்கிறது. போட்ட கோடு போட்டதுதான். அவருக்கு முதுகுக்குப் பின்னால் ரயில் வேறு, கூட்டம் வேறு, போலீஸ் வேறு.

1982-ல் டோனி ஷஃப்ராசி என்பவரின் கேலரியில் அவருடைய தனிக் கண்காட்சி நடந்தது. பேர் வந்தது. பேர் வந்ததும் ஸ்டேஷன் படங்கள் காணாமல் போக ஆரம்பித்தன. தாளோடு உரித்துக்கொண்டு போய் விற்றார்கள். ரயிலுக்குக் காத்திருக்கிறவர்கள் ஓசியில் பார்க்கட்டும் என்று வரைந்தது, அவர்கள் பார்ப்பதற்குள்ளேயே போய்விடுகிறது. 1985-ல் அவர் ஸ்டேஷனில் வரைவதை நிறுத்திக்கொண்டார். 1990-ல் எய்ட்ஸ் நோயால் இறந்தபோது வயது 31 தான். 2024 நவம்பரில் அந்த ஸ்டேஷன் படங்களில் 31 நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தன. எல்லாம் சேர்ந்து 90 லட்சம் டாலருக்கு மேல் போயின.

உரித்தவர்கள்மேல் எனக்கு ஒரே கோபம். அக்காவிடம் சொன்னேன். அவள் திருப்பிக் கேட்டாள்: "அவன் உரிக்காம விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? அடுத்த வாரம் அது மேலேயே ஏதாவது சோப்பு விளம்பரம் ஒட்டியிருப்பாங்க. அப்போ யாருமே பார்க்க முடியாதே?"

இரண்டு நாள் பதில் வரவில்லை. அப்புறம்தான் ஹேரிங்கின் நண்பர் செங் க்வாங் சீ ஞாபகம் வந்தார். அவர் போட்டோகிராபர். ஹேரிங் வரைந்து முடித்ததும் எந்த ஸ்டேஷன் என்று போன் செய்து சொல்வார். இவர் போய்ப் படம் பிடித்துவிடுவார். அந்தப் போட்டோக்களில் பக்கத்து விளம்பரம் தெரியும், பிளாட்பாரம் தெரியும். கேலரியில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருப்பதில் தாள் மட்டும்தான் இருக்கிறது. ஸ்டேஷன் இல்லை. அதனால் போட்டோதான் உண்மையாகக் காப்பாற்றியது என்பது என் கட்சி. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "போட்டோவுல சாக்பீஸ் பொடி தெரியுமா?" என்கிறாள். தெரியாதுதான்.

ஆனால் அவர் வரைந்ததில் இடம் மாறாத ஒன்றும் இருக்கிறது. 1986-ல் ஹார்லெம் பகுதியில், கையால் பந்தடித்து விளையாடுகிற மைதானத்துச் சுவர் ஒன்றில், போதை மருந்துக்கு எதிராக ஆரஞ்சு நிறத்தில் பெரிதாக ஒரு படம் போட்டார். அனுமதி வாங்கவில்லை. அதற்கும் அபராதம்! பிறகு நகர நிர்வாகமே அவரை மறுபடி வரையச் சொன்னது. விளையாட்டு மைதானத்துக்கும் அந்தப் படத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள். வெயிலிலும் மழையிலும் பெயின்ட் மங்கிப் போக, 2019-ல் புதுப்பித்தார்கள். இன்னும் அங்கேயேதான் நிற்கிறது, டிக்கெட் கிடையாது.