பல் பிடிக்கும் இடம் (மலை ரயில் பயணம் – 3)

சூலூரில் இருந்து விடிகாலை நாலரைக்குக் கிளம்பினோம். கருமத்தம்பட்டி, அன்னூர் என்று குறுக்கே அடித்து மேட்டுப்பாளையம் சேர்ந்தபோது ஆறுகூட ஆகவில்லை. போன வாரம் பொன்மலைப் பணிமனை வாசலில் கட்டுரையை நிறுத்தியிருந்தேன். அங்கே செய்த எஞ்சின் மலை ஏறுவதைப் பார்க்காமல் மேற்கொண்டு எழுதக் கை வரவில்லை. துணைக்கு மாமா. நாற்பது வருஷம் எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் லேத் ஓட்டியவர். பம்ப்செட் தண்டு கடைந்தே கை காய்த்துப்போனவர்.

வண்டி 7.10க்கு. எல்லோரும் ஜன்னல் இடத்துக்கு ஓட, மாமா மட்டும் நேரே கடைசிக்குப் போனார். இந்த வண்டிக்கு எஞ்சின் பின்னால்தான். மலையில் பெட்டிகளை முட்டித் தள்ளிக்கொண்டு போகும். கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“ஏனுங் மாப்ள, நூறு வருசத்து வண்டின்னு சொல்லித்தானுங்களே எழுப்பிக் கூட்டியாந்தீங்க? இது புதுசாட்டம் இருக்குது?”

பிடித்துவிட்டார். இந்த மலைப்பாதையின் எக்ஸ் வகை எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில், எஸ்.எல்.எம். ஆலையில் பிறந்தவை. 1914 முதல் 1925 வரை பன்னிரண்டு, 1952இல் இன்னும் ஐந்து. அவற்றில் ஒன்று கோவை ஜங்ஷன் வாசலில் காட்சிக்கு நிற்கிறது. மற்றவை தேயத் தேய, ஒன்றின் உறுப்பைக் கழற்றி இன்னொன்றுக்கு மாட்டி எத்தனை காலம் ஓட்டுவது? திருச்சி பொன்மலையில் 2010களில், எண்ணெய் எரித்து ஓடும் நான்கு எஞ்சின்களை அதே அமைப்பில் புதிதாகவே கட்டினார்கள். 2021இல் கரியில் ஓடுவதும் ஒன்று வந்தது. நாடெங்கும் நீராவி எஞ்சின்களை உடைத்து இரும்பு விலைக்குப் போட்ட பிறகு, ஒரு பணிமனை உட்கார்ந்து நீராவி எஞ்சின் செய்தது என்பதை நான் இன்னும் முழுசாக நம்பி முடிக்கவில்லை.

இடையில் ஒன்று. குறுகிய பாதை எஞ்சின் என்று தொடரின் தொடக்கத்தில் எழுதியதற்கு, “அது மீட்டர் கேஜ் ஐயா” என்று ஒருவர் திருத்தியிருந்தார். நம் ரயில்வே கணக்கில் அவர் சொல்வது சரி. இங்கே இரண்டடி, இரண்டரை அடிதான் குறுகிய பாதை. உலகக் கணக்கில் நாலடி எட்டரை அங்குலத்துக்குக் கீழே எல்லாமே குறுகியதுதான். இரண்டு பேரும் ஜெயித்தோம்.

கல்லார் வரை சாதாரண ரயில். அதைத் தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் இரண்டு, அருகருகே ஓட ஆரம்பிக்கின்றன. ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம் வரும். அதனால் எஞ்சினின் பற்சக்கரம் ஒரு கணமும் பிடி விடாது. பன்னிரண்டடி போனால் ஓரடி ஏற்றம். சக்கரத்தை மட்டும் நம்பினால் வழுக்கிவிடும்.

வளைவில் தலையை நீட்டிப் பார்த்தால் எஞ்சினின் பக்கவாட்டில் கீழொன்று மேலொன்றாக இரண்டு சிலிண்டர்கள். சமதளத்தில் கீழ் சிலிண்டருக்குத்தான் வேலை. பல் பிடித்ததும், அங்கே உழைத்து முடித்த நீராவியை வெளியே விடாமல் மேல் சிலிண்டருக்கு அனுப்புகிறார்கள். அது பற்சக்கரத்தைச் சுற்றுகிறது. ஒரே ஆவிக்கு இரட்டைக் கூலி வேலை. மாமாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. “வெள்ளாமைத் தண்ணிய மேவயல்ல கட்டிக் கீழ்வயலுக்கு உடறாப்பல. என்ன, இங்க கீழயிருந்து மேல போகுது!”

நீராவி எஞ்சினை விடமாட்டேன் என்கிற இந்தப் பைத்தியம் சுவிஸ்காரர்களுக்கும் உண்டு. ஃபுர்கா மலைப்பாதையில் ஓடிய எஞ்சின்களை 1947இல் வியத்நாமின் தா லாத் மலைப்பாதைக்கு விற்றுவிட்டார்கள். அங்கே போரில் பாதை பாழாகி, அவை துருப்பிடித்துக் கிடந்தன. 1990இல் ஆர்வலர்கள் தேடிப் போய்க் கப்பலேற்றி ஊருக்குக் கொண்டுவந்து செப்பனிட்டார்கள். இப்போது ஃபுர்காவில் திரும்பவும் புகைவிடுகின்றன. அவர்கள் பழைய உடம்பை மீட்டார்கள்; பொன்மலை புது உடம்பு செய்தது. எது அசல்? எனக்குச் சுவிஸ் வழிதான் உசத்தி என்று ஒரு நினைப்பு இருந்தது. மாமாவிடம் கேட்டேன்.

“அவிநாசித் தேரு எரிஞ்சு போச்சுங்களா இல்லீங்களா? புதுசாச் செஞ்சுதான இழுக்குறோம். வடத்தப் புடிக்கறப்ப இது டூப்ளிகேட்டுன்னு ஆராச்சும் கைய எடுத்தாங்களா?”

ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நின்றது. குரங்குகள் ஒரு பக்கம், செல்ஃபி எடுப்பவர்கள் ஒரு பக்கம். மாமா எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த ஊழியரிடம் போய் நின்றுகொண்டார். இரண்டு பேரும் தண்டின் மூட்டைக் காட்டிக் காட்டி ஏதோ பேசினார்கள்; அவர் கழிவுத்துணியால் துடைத்துக் காட்ட, மாமா குனிந்து விரல் நகத்தால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

விசில் ஊதியதும் ஓடிவந்து ஏறினார். வெள்ளை வேட்டியில் கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை.

“புஷ்ஷு நல்லாத்தான் கடைஞ்சிருக்கறானுங்க,” என்றார். ரன்னிமேடு வரை வேறொன்றும் பேசவில்லை.