சுவரொட்டியில் இல்லாத பெயர்

பாலே என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது வெள்ளை உடையும், நுனிக்கால் நடையும், அன்னப்பறவைக் கதையும்தான். ஆனால் அந்த நடனத்தின் ஒவ்வொரு அடியையும் யோசித்துக் கோர்ப்பவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் நடன அமைப்பாளர். அவர் மேடைக்கு வருவதில்லை. சுவரொட்டியில் ஒரு வரியாக மட்டும் இருப்பார். அந்த ஒரு வரியையும் அழித்துவிட்டால்? அலெக்சி ரட்மான்ஸ்கிக்கு அதுதான் நடந்தது.

1968ல் லெனின்கிராடில் பிறந்தவர் அவர். வளர்ந்தது உக்ரைனின் கீவ் நகரத்தில். பத்து வயதில் மாஸ்கோவுக்குப் போய் போல்ஷாய் பாலே பள்ளியில் சேர்ந்தார். படித்து முடித்ததும் போல்ஷாய் குழு அவரை எடுத்துக்கொள்ளவில்லை. கீவுக்குத் திரும்பி ஆடினார். பிறகு கனடா, டென்மார்க் என்று ஊர் ஊராக ஆடிக்கொண்டே நடனம் அமைக்கவும் தொடங்கினார். வேண்டாம் என்று சொன்ன அதே போல்ஷாய், 2004ல் அவரைத் தன் பாலே பிரிவின் கலை இயக்குநராக்கியது!

அதற்கு வழி திறந்தது, 2003ல் அவர் அங்கே மேடையேற்றிய "ஒளிரும் ஓடை". ஷோஸ்டகோவிச் இசையமைத்து 1935ல் வந்த பாலே அது. கூட்டுப்பண்ணையில் நடக்கும் ஒரு கலகலப்பான காதல் கதை. 1936ல் பிராவ்தா பத்திரிகை அதைப் பொய் என்று தாக்கி எழுதியது. அவ்வளவுதான், பாலே நிறுத்தப்பட்டது. நடனம் அமைத்த லோபுகோவின் பதவி போனது. கதை எழுதியவர்களில் ஒருவரான பியோத்ரோவ்ஸ்கி 1937ல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஷோஸ்டகோவிச் அதன்பின் பாலேக்கு இசை எழுதவே இல்லை. பழைய அடிகள் தொலைந்துபோயிருந்ததால், ரட்மான்ஸ்கி அந்த இசைக்குப் புதிதாக அடிகள் அமைத்தார்.

2009ல் அமெரிக்கன் பாலே தியேட்டருக்குப் போன பிறகும் பழையதைத் தேடும் பழக்கம் அவரை விடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்யாவில் நடன அடிகளை எழுதிவைக்க ஸ்டெபனோவ் குறியீட்டு முறை என்று ஒன்று இருந்தது. புரட்சிக்குப் பின் செர்கெயெவ் என்பவர் வெளிநாட்டுக்குக் கொண்டுபோன அந்தக் குறிப்புகள் இப்போது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ரட்மான்ஸ்கி அதைப் படிக்கக் கற்றுக்கொண்டு, 2015ல் பெட்டிபாவின் "உறங்கும் அழகி"யை மறுபடி உருவாக்கினார். இன்றைய நடனக் கலைஞர்கள் காலைத் தலைக்கு மேல் தூக்குகிறார்கள். அந்தக் காலத்தில் அப்படி இல்லை! கால் தாழ்வாக, அடிகள் சின்னதாக, வேகமாக இருந்தன. நூறு வருஷத்தில் ஒவ்வொருவரும் மாற்றி மாற்றி ஆடியதில், பெட்டிபாவின் பெயர் மிஞ்சியது. அவருடைய அடிகளில் பல மிஞ்சவில்லை.

ரட்மான்ஸ்கிக்கு நடந்தது இதற்கு நேர்மாறு.

2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தபோது, அவர் மாஸ்கோவில் போல்ஷாய்க்காக ஒரு புதிய பாலேயை உருவாக்கிக்கொண்டிருந்தார். பெற்றோர் கீவில் இருந்தார்கள். வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பினார். போரை வெளிப்படையாகக் கண்டித்தார். அதன்பின் ரஷ்ய மேடைகளில் அவருடைய பாலேக்கள் தொடர்ந்து ஆடப்பட்டன, அவர் பெயர் மட்டும் எடுக்கப்பட்டது. பாலே புத்தகத்தைப் பார்த்து மட்டும் கற்கிற கலை அல்ல. ஒருவர் ஆடிக்காட்ட இன்னொருவர் வாங்கிக்கொள்வது. அந்த அடிகளை அவரிடமே நேரில் கற்றவர்களுக்கு, சுவரொட்டியைப் பார்க்கும்போது என்ன தோன்றியிருக்கும்?

2023ல் அவர் நியூயார்க் சிட்டி பாலேயில் சேர்ந்தார். அங்கே 2024 பிப்ரவரியில் அரங்கேறிய முதல் படைப்பு "தனிமை". 2022 ஜூலையில் கார்கிவ் நகரத்தில், குண்டுவீச்சில் இறந்த 13 வயது மகனின் கையைப் பிடித்தபடி ஒரு தகப்பன் மண்டியிட்டிருந்த புகைப்படம்தான் அதற்குக் கரு. திரை விலகும்போது மேடையில் அதே காட்சி. சுற்றிலும் மற்றவர்கள் ஆடுகிறார்கள். தகப்பன் நெடுநேரம் அசைவதே இல்லை.

ஒவ்வொரு அடியையும் யோசித்து அமைக்கிறவர், அந்த மனிதருக்கு மட்டும் அடி எதுவும் தராமல் விட்டிருக்கிறார்.