பூ ஒன்றை மீளத் தைத்த கதை

அம்மா கையால் பூப்போட்ட தலையணை உறை ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. 1995 இடப்பெயர்வின்போது யாழ்ப்பாணத்திலிருந்து எடுத்துவந்த சில பொருட்களில் அதுவும் ஒன்று. இப்போது நூல் இற்று இதழ்கள் கழன்றுகொண்டிருக்கின்றன. மனைவியிடம் பூவேலை செய்யும் சிறிய தையல் இயந்திரம் உண்டு. அந்தப் பூவை அதில் மீளத் தைத்துவிடலாம் என்று எண்ணினேன்.

உறையைப் படமெடுத்து மென்பொருளில் இட்டு, தானாகத் தையலாக்கும் வசதியை அழுத்தினேன். திரையில் பூ அழகாகவே மலர்ந்தது. துணியிலோ இதழ்கள் ஒடுங்கி, சுற்றிலும் சுருக்கம் விழுந்தது.

"நீங்கள் படத்தைப் பாக்கிறியள், துணியைப் பாக்கேல்லை" என்றார் மனைவி.

உண்மைதான். தையல் கோப்பு படமன்று. ஊசி அடுத்து எங்கே இறங்கவேண்டும் என்ற கட்டளைகளின் வரிசை. பரவலாகப் பயன்படும் டி.எஸ்.ரி. கோப்பில் நூலின் நிறம்கூட இருப்பதில்லை. நூலை மாற்றும் இடம் மட்டுமே இருக்கும். ஒவ்வொரு தையலும் தன் திசையில் துணியை இழுக்கிறது. ஆகவே இதழை அத்திசையில் சற்று அகலமாக வரையவேண்டும். மேல்தையலுக்கு முன் துணியைப் பிடித்து நிறுத்த அடித்தையல் இடவேண்டும். நிரப்பும் இழைகளுக்கிடையே ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். அதனிலும் நெருக்கினால் துணி விறைத்துச் சுருங்கும். இவற்றையெல்லாம் மென்பொருளில் மாற்றலாம். எவ்வளவு என்பதைத் துணியை அறிந்தவரே சொல்லவேண்டும்.

இரண்டாம் முறை, இங்ஸ்கேப்பில் இயங்கும் இலவச மென்பொருளான இங்க்ஸ்டிச்சில் ஒவ்வோர் இதழையும் நானே வரைந்தேன். தையலின் திசையை மனைவி சொன்னார். அதற்காகப் பூதக்கண்ணாடி கொண்டு அம்மாவின் தையலை இழை இழையாகப் பார்த்தோம். இழைகள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஓடின. ஐந்தாவது இதழில் மட்டும் பாதியில் நிறம் மாறியிருந்தது. இளஞ்சிவப்பு நூல் முடிந்து, கையில் கிடைத்த வேறொரு சிவப்பால் அம்மா அதை முடித்திருக்கவேண்டும். இத்தனை ஆண்டுகள் அதில் தலைவைத்துப் படுத்தும் நான் அதைக் கவனித்ததில்லை.

பிறர் எழுத்தைத் திருத்தியே பழகிய கை, அந்த இதழையும் ஒரே நிறமாக்கத் துடித்தது. மனைவி தடுத்தார். இதழின் நடுவே நூலை மாற்றும் கட்டளை ஒன்றைச் சேர்த்தேன். அந்த இடம் வந்ததும் இயந்திரம் நின்றது. மனைவி பெட்டியைக் கிளறி, வேறொரு சிவப்பு நூலை எடுத்துக் கோத்தார்.