கியோட்டோவில் பாராட்டினால் உஷார்!

ஜப்பானின் கியோட்டோ நகரில் பக்கத்து வீட்டு அம்மா, ‘உங்க பொண்ணு பியானோவுல நல்லாத் தேறிட்டாளே!’ என்று சிரித்தால் ஜன்னலைச் சாத்திவிடுவது நல்லது. சத்தம் தாங்கவில்லை என்கிறார்! புரியாமல் நன்றி சொல்லிவிட்டு வந்தால் உறவு மெல்லக் கசந்துவிடும். பேச்சுக்கு நடுவே ‘அருமையான வாட்ச்’ என்றால், மணியைப் பார்த்துக் கிளம்ப வேண்டும்.

சில சொற்களே இப்படித்தான், ஜப்பான் முழுக்க. ‘ஒமெதெதாய்’ என்றால் மங்கலமானது. அதையே ஓர் ஆளைப் பற்றிச் சொன்னால், அசடு! ‘கிசாமா’ ஒருகாலத்தில் மரியாதை விளி, இன்று வசவு.

ஆனால், கியோட்டோவின் நாசூக்கு தனி. 794-ல் தலைநகரான ஊர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பேரரசர்கள் இருந்த இடம். 1467-ல் தொடங்கிய ஓனின் போரில் பெரும்பகுதி எரிந்தது. ஆட்சி கைமாறும் ஊரில் பட்டென்று பேசினால் ஆபத்துதானே? போதாக்குறைக்கு, நெருக்கியடித்து நிற்கும் ‘மச்சியா’ மரவீடுகள். அங்கே அண்டைவீட்டுப் பகை கட்டுப்படியாகாது.

‘புபுஸுகே சாப்பிடுறீங்களா?’ என்று கேட்டால் விருந்தாளி எழுந்துகொள்ள வேண்டும் என்பார்கள். சோற்றில் தேநீர் ஊற்றிய எளிய சாப்பாடு அது. அதைச் சாப்பிட்டே தீருவது என்று ஒஸாகாவிலிருந்து கிளம்பி வரும் ஒருவரை வைத்து, ‘கியோ நோ சாஸுகே’ என்ற ‘ரகுகோ’ நகைச்சுவைக் கதையே உண்டு. இப்போதெல்லாம் யாரும் அப்படிக் கேட்பதில்லை என்கிறார்கள் கியோட்டோக்காரர்கள், சிரித்துக்கொண்டே.