விளாம்பழப் பாகும் எருமைத் தயிரும்

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகும் வழியில், காட்டோரத்தில் விளாம்பழங்கள் உதிர்ந்து கிடக்கும். ஓடு வெடித்ததை வியாபாரிகள் எடுப்பதில்லை. 2010 இல் மீளக்குடியமர்ந்த அக்கா ஒருவர் அவற்றை அன்றன்றே பொறுக்கிப் பாகு காய்ச்சுகிறார். நல்ல வாசமுள்ள 2 பழங்களின் சதையை 1 கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் பிசைந்து, விதையும் தும்பும் போக வடித்து, சீவிய பனங்கட்டியும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து மெல்லிய நெருப்பில் துழாவ வேண்டும். பழத்திலேயே பெக்ரின் இருப்பதால் சோளமா வேண்டாம். ஆறினால் இறுகும், தளர்வாகவே இறக்கிவிடுங்கள். எருமைத் தயிரில் சுடச்சுட ஊற்றித் தந்தார். கடைப் புடிங் எல்லாம் இதற்குப் பிறகுதான்! சந்தியில் கோப்பை கோப்பையாக விற்கிறார். அந்தக் காசுதான் மகளின் ரியூசனுக்கு.